மூன்று வசனம் முன்னால்

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், எங்கள் வேதபாடக் குழுவில் இருக்கும் ஒரு அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் வசனப் படம் ஒன்று அனுப்பினேன். சூரிய உதயம், ஒரு பச்சைத் தளிர், அதன்மேல் பெரிய எழுத்தில் "துவக்கம் அற்பமாயிருந்தாலும், முடிவு சம்பூரணமாயிருக்கும்." கீழே யோபு 8:7. அந்த அக்கா வீட்டிலேயே சின்னதாகத் தையல் வேலை தொடங்கியிருந்தார். அதற்கு வாழ்த்தாக இருக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். செயலியில் வசனத்தைத் தொட்டு, பின்னணிப் படத்தைத் தேர்ந்தெடுத்து, அனுப்பி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, நீங்க அனுப்புன வசனத்துக்கு மூணு வசனம் முன்னால என்ன இருக்குன்னு படிச்சீங்களா?"

நான் படிக்கவில்லை. அவர் கேட்ட பிறகுதான் திறந்து பார்த்தேன். பேசுகிறவன் பில்தாத், யோபுவின் நண்பன். பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதனிடம், உன் பிள்ளைகள் தேவனுக்கு விரோதமாகப் பாவம் செய்திருப்பார்கள், அதன் பலனுக்கு அவர் அவர்களை ஒப்புக்கொடுத்திருப்பார் என்கிறான் 4ஆம் வசனத்தில். அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான் நான் அனுப்பிய 7ஆம் வசனம். அக்கா தன் மகனைப் பறிகொடுத்து அப்போது எட்டு மாதம்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. யார் வசனம் அனுப்பினாலும் அச்சு வேதாகமத்தை எடுத்து அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசிப்பது அவர் பழக்கம். அன்றும் அப்படித்தான் வாசித்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். அன்று இரவு யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரம் வரை போனேன். 42:7இல் கர்த்தர் அந்த நண்பர்கள்மேல் கோபம் மூண்டவராய், யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். யோபுவின் பின்னிலைமை முன்னிலைமையைவிட ஆசீர்வாதமாக இருந்தது என்பதும் அதே அதிகாரத்தில் வருகிறது. ஆக, பில்தாத் சொன்ன வார்த்தை ஒரு விதத்தில் நிறைவேறத்தான் செய்தது. அதற்கு அவன் காட்டிய காரணம்தான் தவறு. நான் அனுப்பிய படத்தில் பில்தாதும் இல்லை, 42ஆம் அதிகாரமும் இல்லை.

அன்றிலிருந்து, திரையில் வேதத்தை வாசிக்கும்போது என் வாசிப்புக்கு என்ன ஆகிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். கற்றுக்கொண்டதில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், பழியை முழுக்கப் போனின்மேல் போட எனக்கு மனமில்லை. வசனம் தனித்தனியாகப் பிரிந்து கிடப்பதற்கு வயது 450க்கும் மேல். யோபு புத்தகத்தையோ ரோமர் நிருபத்தையோ எழுதியவர்கள் எண் போட்டு எழுதவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் செய்தது என்பார்கள். புதிய ஏற்பாட்டுக்கு இப்போதுள்ள வசன எண்களை 1551இல் போட்டவர் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சகர். 1560இல் வந்த ஜெனீவா வேதாகமம் ஒவ்வொரு வசனத்தையும் தனி வரியில் தொடங்கி அச்சிட்டது. வசனம் தனியாக நிற்கப் பழகியது அப்போதே. ஆனால் அச்சில் அது பக்கத்து வசனத்தோடு ஒரே தாளில் இருந்தது. தேடிப்போன வசனத்துக்கு மேலே இரண்டு வரியாவது கண்ணில் பட்டுவிடும். போன் அந்தத் தாளையே எடுத்துவிட்டது.

தாளோடு சேர்ந்து இன்னொன்றும் போனது. அச்சு வேதாகமத்தில் ஏசாயாவைத் தேடினால் கைக்கு இடம் தெரியும், நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி. ஒபதியாவைத் தேடினால் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டாலே தப்பிவிடும், அவ்வளவு சின்னப் புத்தகம். செயலியின் பட்டியலில் ஏசாயாவும் ஒரு வரி, ஒபதியாவும் ஒரு வரி. எது பெரியது, எதற்குப் பிறகு எது என்ற உணர்வு மெல்லத் தேய்ந்துவிடுகிறது. குழுவில் சேரும் இளைஞர்களுக்கு வசனம் நன்றாகத் தெரிகிறது. அது யூதர்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டதற்கு முன்னால் எழுதியதா, பின்னால் எழுதியதா என்று கேட்டால் திகைக்கிறார்கள். நானும் இப்போது கொஞ்சம் திகைக்கத்தான் செய்கிறேன்.

தேடல் வசதியில் நான் ஏமாந்தது தமிழ் வாசகர்கள் எல்லாருக்கும் பயன்படும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். விசுவாசத்தைப் பற்றிப் பாடம் எடுக்க, செயலியின் தேடல் பெட்டியில் "விசுவாசம்" என்று தட்டினேன். நிறைய வசனங்கள் வந்தன. அதை வைத்துப் பாடத்தை முடித்துவிட்டேன். பிறகு ஒருவர் கேட்டார், "அண்ணா, எபிரெயர் 11 ஏன் வரல?" விசுவாச வீரர்களின் அதிகாரம் என்று நாம் எல்லாரும் சொல்லும் அதிகாரம் என் பட்டியலில் இல்லை!

காரணம் தமிழ் இலக்கணம். அந்த அதிகாரம் "விசுவாசமானது" என்று தொடங்குகிறது. அப்புறம் "விசுவாசத்தினாலே", "விசுவாசத்தினாலே" என்று அடுக்கிக்கொண்டே போகிறது. நடுவில் "விசுவாசமில்லாமல்". மகர மெய் வேற்றுமை உருபு ஏறும்போது த்து ஆகிவிடும், உயிர் வந்தால் அதோடு சேர்ந்துவிடும். நான் தட்டியதோ புள்ளி வைத்த ம். இயந்திரம் நான் தட்டியதை அப்படியே தேடியது. அப்போதிலிருந்து "விசுவாச" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். "இரக்கம்" வேண்டுமென்றால் "இரக்க", "சமாதானம்" வேண்டுமென்றால் "சமாதான". ம்-ல் முடியும் எந்தச் சொல்லுக்கும் இதைச் செய்யுங்கள்.

இன்னொரு சிக்கல், எந்த மொழிபெயர்ப்பில் தேடுகிறோம் என்பது. 1 கொரிந்தியர் 13:13ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் நிலைத்திருக்கும் மூன்று விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ஒன்றில் இரண்டாவதாக நிற்கும் "நம்பிக்கை" மற்றதில் முதலாவதாக நிற்கிறது, பொருளும் வேறு. குழுவில் இரண்டு பேர் ஆளுக்கொரு செயலியை வைத்துக்கொண்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் பேசியது விசுவாசத்தை, மற்றவர் பேசியது எதிர்பார்ப்பை என்று புரிய எங்களுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அச்சு வேதாகமமாக இருந்தால் அட்டையே சொல்லியிருக்கும். திரையில் மொழிபெயர்ப்பின் பெயர் ஒரு மூலையில் இரண்டு மூன்று எழுத்தாகச் சுருங்கி நிற்கிறது. இப்போது வாசிக்கத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் எதிலிருந்து வாசிக்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் வாசிக்கிறோம்.

சொல்லைத் தொட்டால் மூலமொழிச் சொல் வந்து நிற்கும் வசதியையும் சொல்ல வேண்டும். 1890இல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் வெளியிட்ட ஒத்துவாக்கியத்தில் (ஒரு சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் நூல்) ஒவ்வொரு எபிரெய, கிரேக்கச் சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார். இன்றைய செயலிகள் பலவற்றின் அடியில் இருப்பது அந்த எண்கள்தான். எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனாலும் யோவான் 21ஐ வைத்து ஒரு தடவை உருக்கமாகப் பேசினேன். இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கிறார். முதல் இரண்டு முறை அகபாவோ என்ற சொல், மூன்றாம் முறை பிலெயோ. பேதுருவின் பதிலில் மூன்று முறையும் பிலெயோதான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றி "அன்பாயிருக்கிறாயா", "நேசிக்கிறாயா" என்று வைத்திருக்கிறது. அகபாவோ என்றால் தெய்வீக அன்பு, பிலெயோ என்றால் வெறும் நட்பு, இயேசு பேதுருவின் நிலைக்கு இறங்கி வந்தார் என்று விளக்கினேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள்.

வேதாகமக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் பிறகு என்னைத் தனியாக அழைத்து மூன்று இடங்களைக் காட்டினார். யோவான் 3:35இல் பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார், சொல் அகபாவோ. யோவான் 5:20இலும் பிதா குமாரனிடத்தில் அன்பாயிருக்கிறார், அங்கே சொல் பிலெயோ. பிதா குமாரனிடம் வைத்த அன்பு வெறும் நட்பா? அடுத்து 2 தீமோத்தேயு 4:10. தேமா இந்தப் பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துப் பவுலை விட்டுப் போனான். அந்த ஆசைக்குக் கிரேக்கத்தில் இருப்பது அகபாவோ. அது தெய்வீக அன்பா? நான் வாயடைத்துப் போனேன். யோவான் 21இல் சொல் மாறுவதற்குக் காரணமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. அகராதிப் பொருளை மட்டும் வைத்து அவ்வளவு பெரிய கட்டடம் எழுப்ப முடியாது என்றார். தொட்டதும் வரும் பொருள் ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் இருக்கலாம் என்று சொல்லும். இந்த இடத்தில் எது என்பதை வாக்கியம்தான் சொல்லும். அதே செயலியில், அந்தச் சொல் வரும் மற்ற எல்லா இடங்களையும் பட்டியலாகக் காட்டும் வசதி இருக்கிறது. நான் அதைத் தொடவே இல்லை. இப்போது குறைந்தது பத்து இடமாவது பார்க்காமல் மூலமொழிச் சொல்லைப் பற்றி வாய் திறப்பதில்லை.

குழுவில் ஒரு நாள் ஒரு ஃபார்வர்ட் வந்தது. புதிய மொழிபெயர்ப்புகளில் வசனங்களை நீக்கிவிட்டார்கள், உடனே அப்போஸ்தலர் 8:37ஐத் திறந்து பாருங்கள், இருக்காது, எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று. பலர் திறந்து பார்த்தார்கள். சிலருடைய செயலியில் உண்மையாகவே 36க்குப் பிறகு 38 வந்தது. வயதான ஒருவர் நடுங்கிப்போனார். ஐம்பது வருடமாக வாசித்த வேதத்தில் கை வைத்துவிட்டார்களா என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அதனால் உட்கார்ந்து தேடினேன்.

நடந்தது இதுதான். 1551இல் எண் போட்டபோது அச்சில் இருந்த கிரேக்கப் பாடத்தில் அந்த வசனம் இருந்தது. அதனால் அதற்கு 37 என்ற எண் கிடைத்தது. பிற்பாடு கிடைத்த, அதைவிட மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை. புதிய மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அதை அடிக்குறிப்புக்கு இறக்கினார்கள். எண்ணை மட்டும் மாற்றவில்லை, மாற்றினால் உலகமெங்கும் குழப்பம். எனவே இடைவெளி தெரிகிறது. அதே சமயம், அந்த வசனத்தை 2ஆம் நூற்றாண்டிலேயே இரேனியு என்ற ஆதிசபைத் தலைவர் மேற்கோள் காட்டியிருக்கிறார். யாரோ நேற்று செருகியதும் இல்லை, யாரோ நேற்று உருவியதும் இல்லை. செயலிகளில் அடிக்குறிப்பு ஒரு சின்னக் குறிக்குள் ஒளிந்திருக்கும். அதைத் தொட்டால் விளக்கம் வரும். ஃபார்வர்ட் அனுப்பிய யாரும் அதைத் தொட்டிருக்க வாய்ப்பில்லை.

ஆனால் அந்தப் பெரியவருக்கு என் விளக்கம் போதவில்லை. "நீ சொல்ற அந்தப் பழைய பிரதிய யார் பாத்தது?" என்றார். அங்கேதான் அதே திரை கைகொடுத்தது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் பிரதி நான்கு நாடுகளில் பிரிந்து கிடக்கிறது. அதை 2009இல் ஒன்றுசேர்த்து இணையத்தில் வைத்துவிட்டார்கள், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மடிக்கணினியில் அப்போஸ்தலர் 8ஐத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். தோல் தாளில் நான்கு பத்தி, இடைவெளியே இல்லாமல் ஒட்டி ஒட்டி எழுதிய பெரிய எழுத்துகள், ஓரங்களில் யாரோ திருத்திய அடையாளங்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஓர் எழுத்தும் அவருக்குப் புரியவில்லை, எனக்கும்தான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கையாலதான் எழுதியிருக்காங்க இல்ல," என்றார். பயம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை. அந்த ஃபார்வர்டை அவர் அதற்கப்புறம் யாருக்கும் அனுப்பவில்லை.

முன்பெல்லாம் ஒரு சில அறிஞர்கள் மட்டும் பயணம் போய்ப் பார்த்த பக்கத்தை இன்று எங்கள் குழுவில் யாரும் பார்க்கலாம். இது எனக்குச் சாதாரணமாகத் தோன்றவில்லை.

தினசரி வாசிப்புத் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தொடர்ச்சியாக எத்தனை நாள் வாசித்தோம் என்ற எண்ணிக்கை அறுந்துவிடக் கூடாதே என்று இரவு 11:50க்கு லேவியராகமத்தை விரலால் தள்ளிக்கொண்டு போனேன். எண்ணிக்கையை மறைத்துவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது. வாசிக்கும் நேரத்தில் நோட்டிஃபிகேஷனையும் நிறுத்தி வையுங்கள்.

செயலியின் அமைப்புகளில் நான் கண்டுபிடித்த பெரிய நன்மை, வசன எண்களையும் இடைத்தலைப்புகளையும் மறைக்கும் வசதி. எல்லாச் செயலிகளிலும் இருக்காது, இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பகுதியை நகலெடுத்து எண்களை அழித்துவிட்டு வாசியுங்கள். அப்படி எண் இல்லாமல் மாற்கு 5ஐ வாசித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. யவீரு தன் சின்ன மகளுக்காகக் கெஞ்சுகிறான். போகிற வழியில் ஒரு ஸ்திரீ இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவள் பன்னிரண்டு வருஷமாய் நோயில் கிடந்தவள். அவளை இயேசு "மகளே" என்று கூப்பிடுகிறார். அவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே யவீருவுக்கு ஆள் வருகிறது, உம்முடைய குமாரத்தி மரித்துப்போனாள் என்று. அந்தப் பெண்ணுக்கு வயது பன்னிரண்டு. ஒருத்தி நோயில் விழுந்த காலத்தில்தான் மற்றவள் பிறந்திருக்கிறாள். "மகளே" என்ற சொல் அந்தத் தகப்பன் காதில் எப்படி விழுந்திருக்கும்! இரண்டு தலைப்புக்குக் கீழே இரண்டு அற்புதமாகவே இதை நான் வாசித்துவந்திருக்கிறேன்.

ஒலி வேதாகமமும் இப்படி ஒரு நன்மைதான். என் அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு போனில் போட்டுவிடுவேன். 136ஆம் சங்கீதத்தில் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற பல்லவி 26 முறை வரும். கண்ணால் வாசிக்கும்போது நாலாவது முறையிலிருந்தே தாவிவிடுவேன். காது தாவ முடியாது. பத்தாவது முறையிலிருந்து அம்மாவும் சேர்ந்து சொல்லத் தொடங்கினார். அந்தச் சங்கீதம் ஒருவர் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லும் பாட்டு என்று அப்போது உறைத்தது. வெளிப்படுத்தின விசேஷம் 1:3 "வாசிக்கிறவன்" என்று ஒருமையிலும் "கேட்கிறவர்கள்" என்று பன்மையிலும் பேசுவதும் இதனால்தான். ஆதிசபையில் ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள்.

எனக்கு உண்மையான கவலை வேறு இடத்தில். விளக்கம் யாரிடமிருந்து வருகிறது என்பதில். 666ஐப் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். அடுத்த மூன்று வாரத்துக்கு வெளிப்படுத்தின விசேஷம் என்றாலே நாள் குறிப்பவர்களும் பயமுறுத்துபவர்களும் மட்டும் வரிசையாக வந்தார்கள். அந்தப் புத்தகம் ஏழு சபைகளுக்கு, உபத்திரவத்தில் இருந்தவர்களுக்கு எழுதிய நிருபம் என்று சொன்ன ஒரு வீடியோகூட என் முன்னால் வரவில்லை. நான் தேடிப்போய்த்தான் கேட்டேன். உரையாடும் செயற்கை நுண்ணறிவிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பின்னணி விவரம் நன்றாகச் சொன்னது. ஒரு தடவை, வேதத்தில் இல்லவே இல்லாத ஒரு வாக்கியத்தை அதிகார எண்ணோடு வசனமாக எடுத்துக் கொடுத்தது. அதனிடமிருந்து வரும் எந்த வசனத்தையும் வேதாகமத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

அப்போஸ்தலர் 8க்கே மறுபடி வருகிறேன். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவைச் சத்தமாக வாசித்துக்கொண்டு போகிறான். பிலிப்பு ஓடிப்போய் முதலில் கேட்பது ஒரு கேள்வி, வாசிக்கிறது உமக்குப் புரிகிறதா என்று. ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லி அவன் பிலிப்புவை ஏற்றி உட்கார வைக்கிறான். பிறகு அவன் தன் கேள்வியைக் கேட்கிறான், தீர்க்கதரிசி பேசுவது தன்னைக்குறித்தா, வேறொருவரைக்குறித்தா? நான் பார்த்த வீடியோ எதுவும் எனக்குப் புரிகிறதா என்று கேட்கவில்லை. என் கேள்விக்காக நிற்கவும் இல்லை. அதனால் திரையில் கேட்ட எந்த விளக்கத்தையும் குழுவில் ஒருவரிடமாவது சொல்லி, அவர் திருப்பிக் கேட்பதற்குப் பதில் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன். பாதிக்கு மேல் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

போன மாதம் அந்தத் தையல்கார அக்காதான் கேட்டார், "யோபு முழுசையும் ஒருதரம் கேக்கலாமா, எல்லாரும் சேந்து?" எனக்குத் தயக்கம். அவர் வற்புறுத்தினார். ஒலி வேதாகமத்தைப் போட்டு, மூன்று வாரமாகப் பிரித்துக் கேட்பது என்று முடிவானது. யார் கையிலும் புத்தகம் இல்லை, திரையும் இல்லை. போன் நடுவில் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது. இரண்டாம் அதிகாரத்தின் முடிவில், நண்பர்கள் வந்து ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள் என்ற இடம் வந்தது. அக்கா என்னைப் பார்த்தார்.

எட்டாம் அதிகாரத்தில் பில்தாத் பேசத் தொடங்கினான். நான்காம் வசனம் முடிந்ததும் அவர் கை நீட்டிப் போனை எடுத்து நிறுத்தினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. வெளியே மழை பெய்யும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரே போனை மறுபடி மேஜையில் வைத்தார். "சரி, போடுங்க தம்பி. யோபு என்ன பதில் சொல்றான்னு கேக்கணும்."

போட்டேன்.